விலையை வைப்பவர் இரண்டாம் ஆள்: ஈபே ஏலத்தில் பழைய ஃபிலிம் கேமரா வாங்குவதும் விற்பதும்

ஊரில் கண்மாய் மீனையோ கோயில் தோப்புத் தேங்காயையோ ஏலம் விடுபவர் "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று இழுத்து, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் "மூணு தரம்" சொல்வார். நடுவில் யாராவது வாயைத் திறந்தால் மறுபடியும் முதல் தரத்திலிருந்து ஆரம்பிப்பார். இணையத்தில் வாங்கவும் விற்கவும் உதவும் ஈபே தளத்தில் இந்த இழுவை கிடையாது. ஏலம் ஞாயிறு இரவு 8 மணி 14 நிமிடம் 32 நொடிக்கு முடியும் என்று போட்டிருந்தால் அந்த நொடியில் கதவு சாத்தப்படும். 33ஆம் நொடியில் இரண்டு மடங்கு கொடுக்க ஆள் வந்து நின்றாலும் பொருள் போனது போனதுதான்.

புதிதாக வருபவர்கள் பணத்தை விடுவதும் பொருளைக் கோட்டைவிடுவதும் பெரும்பாலும் இந்தக் கடிகாரமும் அதன் பின்னால் ஓடும் கணக்கும் பிடிபடாததால்தான். இங்கே பழைய ஃபிலிம் கேமராக்களையும் லென்ஸ்களையும் வைத்து அதைப் பார்க்கலாம். ஈபேயில் இன்று பெரும்பாலான பொருட்கள் நிலையான விலைக்கே விற்கின்றன. ஆனால் ஒரே மாடலில் பத்து கேமரா இருந்தால் பத்தும் பத்து நிலையில் இருக்கும் இந்த மாதிரிப் பொருளுக்கு ஏலம் இன்னும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

கணக்கு எப்படி ஓடுகிறது

ஏலம் கேட்கும் கட்டத்தில் நீங்கள் போடும் எண் நீங்கள் கொடுக்கப்போகும் விலை அல்ல, அதிகபட்சம் எதுவரை போவீர்கள் என்ற வரம்பு. அதை ஈபே யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டு, உங்கள் சார்பில் தேவையான அளவுக்கு மட்டும் ஏற்றிக் கேட்கும்.

ஒரு பென்டாக்ஸ் கே1000, 50 மிமீ லென்ஸோடு, 41 டாலரில் நிற்கிறது என்று வையுங்கள். முன்னால் நிற்பவர் 70 வரை போகச் சொல்லியிருக்கிறார். அது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் 90 போடுகிறீர்கள். உடனே விலை 71 ஆகும், நீங்கள் முன்னணிக்கு வருவீர்கள். அதற்குமேல் யாரும் வராவிட்டால் 71 டாலரில் கேமரா உங்களுடையது. மிச்சமுள்ள 19 டாலரை யாரும் தொடவில்லை.

அதாவது விலையை வைத்தவர் நீங்கள் இல்லை, தோற்றவர். ஏலச்சீட்டில் தள்ளிக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது சற்று விசித்திரமாக இருக்கும். அங்கே நீங்கள் தள்ளிய தொகை அப்படியே உங்கள் தலையில் விழும். இங்கே இரண்டாம் ஆளின் வரம்புக்கு ஒரு படி மேலேதான் விழும். வாங்குபவரின் சாமர்த்தியமெல்லாம் அந்த இரண்டாம் ஆளைத் தட்டி எழுப்பாமல் இருப்பதில் இருக்கிறது. விற்பவரின் சாமர்த்தியமெல்லாம் அவரைத் தேடிக் கூட்டிவருவதில்.

அந்தப் படியின் அளவு விலையைப் பொறுத்தது. அமெரிக்க ஈபேயில் 5 முதல் 24.99 டாலர் வரை 50 சென்ட், 25 முதல் 99.99 வரை 1 டாலர், 100 முதல் 249.99 வரை 2.50, அதற்குமேல் 499.99 வரை 5 டாலர். இருவர் ஒரே தொகையைப் போட்டால் முதலில் போட்டவருக்கே. ஆனால் ஒருவர் 90 போட்டிருக்க, இன்னொருவர் 90.01 போட்டால் அந்த ஒரு சென்ட் போதும், பொருள் கைமாறிவிடும். பெரும்பாலானோர் 80, 90, 100 என்று முழு எண்ணாகவே போடுவார்கள் என்பதால்தான் பழகியவர்கள் 91.37 போன்ற கோணல் எண்களைப் போடுகிறார்கள்.

இதில் புதியவர்களை அதிகம் வாட்டுவது "ஒரே ஒரு டாலரில் போச்சே" என்ற வயிற்றெரிச்சல். நீங்கள் 90 கேட்டு, 91க்கு வேறொருவர் எடுத்ததாகத் திரை காட்டும். 92 போட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்று தோன்றும். அவருடைய வரம்பு 200 ஆகவும் இருந்திருக்கலாம். நீங்கள் 92 போட்டிருந்தால் அவர் 93க்கு எடுத்திருப்பார், அவ்வளவுதான் நடந்திருக்கும். திரையில் தெரியும் எண் உங்களுடைய வரம்பின் நிழல்.

முதலில் விலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

தேடல் முடிவுகளில் 'சோல்ட் ஐட்டம்ஸ்' என்ற வடிகட்டியை அழுத்தினால் கடந்த 90 நாட்களில் உண்மையில் விற்ற விலைகள் வரும். விற்காமல் ஆறு மாதமாகக் கிடக்கும் 300 டாலர் விலைச்சீட்டுக்கு மதிப்பில்லை. ஆசைக்கு யாரும் வரி போடுவதில்லை. விற்ற விலை அடிக்கப்பட்டிருந்தால் பேரம் பேசிக் குறைத்து விற்றிருக்கிறது என்று பொருள், அந்த எண்ணையும் நம்பாதீர்கள்.

விற்றவற்றை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: ஃபிலிம் போட்டுச் சோதித்து, திருப்பி எடுத்துக்கொள்ளும் வசதியோடு விற்றவை, 'அன்டெஸ்டட்' (சோதிக்காதது) என்று விற்றவை, 'ஃபார் பார்ட்ஸ்' என்று உதிரிக்காக விற்றவை. நீங்கள் பார்க்கும் கேமரா எந்தக் குவியலோ அந்தக் குவியலின் நடுவிலையை எடுத்து, அதிலிருந்து தபால் செலவையும் வரியையும் கழித்தால் உங்கள் வரம்பு கிடைக்கும். எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஏலத்தின் கடைசி நிமிடத்தில் மனம் சொல்வதைவிடத் தாள் சொல்வது நம்பகமானது.

விளம்பரத்தைப் படிக்கும் முறை

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். பழைய கேமரா விற்பவர்களுக்கு ஒரு தனி மொழி உண்டு.

"பேட்டரி இல்லாததால் சோதிக்கவில்லை" என்ற வரியை எடுத்துக்கொள்வோம். கேனான் ஏஇ-1க்கு இது ஓரளவு ஒத்துக்கொள்ளக்கூடியது. அதன் ஷட்டர் (ஃபிலிமுக்கு வெளிச்சத்தைத் திறந்து மூடும் திரை) மின்னணுவால் இயங்குவது. 6 வோல்ட் 4எல்ஆர்44 பேட்டரி இல்லாமல் 'கிளிக்' சத்தமே வராது. அதே வரியைப் பென்டாக்ஸ் கே1000க்கு எழுதியிருந்தால் நகர்ந்துவிடுங்கள். கே1000இன் ஷட்டர் முழுக்க இயந்திரம். உள்ளே இருக்கும் ஒரு எல்ஆர்44 வில்லை பேட்டரி, வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும்தான். நெம்புகோலை இழுத்துப் பொத்தானை அழுத்த அரை நிமிடம் ஆகும். அதைச் செய்யாமலா விளம்பரம் எழுதியிருப்பார்? செய்திருக்கிறார், இயங்கவில்லை, 'அன்டெஸ்டட்' என்று எழுதிவிட்டார் என்று எடுத்துக்கொண்டு உதிரிப்பாக விலை மட்டும் கேளுங்கள்.

ஜப்பானிய விற்பனையாளர்களின் "நியர் மின்ட்", "எக்ஸலென்ட் +5" எல்லாம் வெளித்தோற்றத்துக்குக் கொடுக்கும் மதிப்பெண். தலைப்பை விட்டுவிட்டுக் கீழே 'ஆப்டிக்ஸ்' (கண்ணாடிகளின் நிலை) என்ற பத்திக்குப் போங்கள். "படத்தைப் பாதிக்காது" என்று முடியும் வரி எங்கே இருக்கிறதோ அங்கேதான் குறை இருக்கிறது.

லென்ஸில் பார்க்க வேண்டிய குறைகள் எல்லாம் ஒரே எடை அல்ல. ஃபங்கஸ் சிலந்தி வலை நூல்போலக் கண்ணாடிக்குள் படரும். ஆரம்பத்தில் பிரித்துத் துடைத்தால் போகும், பழையதாகிவிட்டால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்திருக்கும், துடைத்தாலும் தடம் நிற்கும். ஹேஸ் என்பது பனி படிந்த சன்னல் மாதிரி. வெளிச்சத்தை நோக்கி எடுக்கும் படங்கள் வெளுத்துப்போகும். ஒட்டியிருக்கும் இரண்டு கண்ணாடிகள் பிரியத் தொடங்கினால் ஓரத்தில் வானவில் நிறம் தெரியும். அதைச் சரிசெய்யும் செலவில் வேறு லென்ஸ் வாங்கிவிடலாம். துவார இதழ்களில் (லென்ஸுக்குள் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் தகடுகள்) எண்ணெய் இருந்தால் லென்ஸைப் பார்த்து முடிவெடுங்கள்: ரஷ்ய ஹீலியோஸ் 44-2 போல இதழ்களைக் கையால் மூடும் லென்ஸில் அது பெரிய விஷயமில்லை, கேமரா தானாக மூடித் திறக்கும் லென்ஸில் இதழ்கள் ஒட்டிக்கொண்டு தாமதமாக மூடும், எல்லாப் படமும் அதிக வெளிச்சத்தில் வெளுக்கும்.

சில குறைகள் உங்களுக்குச் சாதகம். பின்கதவின் ஓரத்து ஸ்பாஞ்ச் தார்போல உருகியிருந்தால் பலர் பயந்து ஒதுங்குவார்கள். பழைய கேமராக்களில் அது வழக்கமான மூப்பு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, வெட்டி விற்கும் புதுப் பட்டைகளை ஒட்டினால் ஒரு மாலை வேலை. பென்டாக்ஸின் பழைய லென்ஸான சூப்பர் டகுமர் 50 மிமீ எஃப்1.4 மஞ்சளாக இருந்தால் அது தோரியம் கலந்த கண்ணாடியின் இயல்பு. புற ஊதா விளக்கின் கீழோ வெயில்படும் சன்னலிலோ சில நாள் வைத்தால் பெருமளவு தெளியும். "மஞ்சள் கறை" என்று குறைவாகப் போகும் டகுமர்கள் கைதேர்ந்தவர்களின் வேட்டைப் பொருள். இரண்டாம் ஆள் பயந்து விலகும் இடத்தில்தான் விலை இறங்கும்.

இதற்கு நேரெதிர் ஒலிம்பஸ் ஓஎம்-1. விளம்பரத்தில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் அது 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. அந்த பேட்டரி இப்போது வருவதில்லை. அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் மீட்டர் தப்பாகச் சொல்லும். காது கேட்கும் கருவிக்கான 675 துத்தநாகக் காற்று பேட்டரியை ஒரு வளையத்தோடு பொருத்தினால் சரியாக வரும். அந்தச் சில்லறைச் செலவையும் வரம்பில் கழித்துக்கொள்ளுங்கள்.

தங்க முலாம் பூசிய, போர்க்காலச் சின்னம் பொறித்த 'லைக்கா' மலிவாக வந்தால் அது பெரும்பாலும் சோவியத் ஃபெட் அல்லது ஸோர்கி கேமராவுக்கு வேஷம் கட்டியது. லென்ஸைக் கழற்றி உள்ளே மேற்பக்கம் பார்க்கும் படம் ஒன்று கேளுங்கள். தூரம் அளக்கும் கருவியின் முனையில் அசல் லைக்காவுக்குச் சிறு உருளைச் சக்கரம் இருக்கும். ரஷ்யக் கேமராவுக்கு ஆப்புபோன்ற தகடு. படம் அனுப்ப மறுத்தாலும் விடை கிடைத்த மாதிரிதான்.

கடைசியாக, விற்பவரைப் பற்றி முன்பு வாங்கியவர்கள் எழுதிய பின்னூட்டத்தைப் பாருங்கள். சதவீதம் மட்டும் போதாது. எதை விற்று அந்தப் பெயர் வாங்கினார் என்று பாருங்கள். நாலு வருஷமாகக் குழந்தைச் சட்டை விற்றுக்கொண்டிருந்த கணக்கு திடீரென்று ஒரே நாளில் எட்டு லைக்கா போட்டால் அந்தக் கணக்கு திருடப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

எப்போது கேட்பது

கடைசிப் பத்து நொடிக்குள். இது ஏமாற்று அல்ல, ஈபே விதிகள் இதை அனுமதிக்கின்றன. மூன்றாம் நாளே 90 போட்டால் என்ன ஆகும்? 70 வரை வந்தவர் தான் தோற்பதைப் பார்ப்பார். 75 போடுவார், 80 போடுவார், ரோஷம் வந்து 95 போடுவார். யோசிக்க அவருக்கு நான்கு நாள் கொடுத்தது நீங்கள். இன்னொரு தொல்லையும் உண்டு. சிலர் பெரிய தொகையைப் போட்டு உங்கள் வரம்பைக் கண்டுபிடித்துவிட்டு, "தவறுதலாக டைப் செய்துவிட்டேன்" என்று கேட்பைத் திரும்பப் பெற்றுவிடுவார்கள். ஏலம் முடிய 12 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் இப்படித் திரும்பப் பெற இடமுண்டு. கடைசி 12 மணி நேரத்தில், கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் மட்டும்தான். கடைசி நொடியில் கேட்பவரிடம் இந்த விளையாட்டு செல்லாது.

செய்முறை எளிது. பொருளை வாட்ச் லிஸ்டில் போட்டு வையுங்கள். முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது கணினியில் உள்ளே நுழைந்து, கட்டணமுறை சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். உறக்கத்தில் இருந்த பக்கம் கடவுச்சொல் கேட்பதால் இழந்த ஏலங்கள் ஏராளம். ஒரு நிமிடம் இருக்கும்போது உங்கள் எண்ணை அடித்து, உறுதிசெய்யும் பொத்தான்வரை போய் நில்லுங்கள். எட்டு நொடி மிச்சமிருக்கும்போது அழுத்துங்கள். மூன்று நொடி இருக்கும்போது அழுத்தலாம் என்று துணியாதீர்கள். செல்போன் இணையம் ஒரு முறை மூச்சு வாங்கினாலே அது போய்விடும். ஒரே ஒரு முறை, உண்மையான வரம்பைப் போடுங்கள். கடைசி நொடியில் இரண்டாவது வாய்ப்பு வராது.

நேர வித்தியாசம் தமிழர்களைப் பாடாய்ப் படுத்தும். அமெரிக்க மேற்குக் கரையில் ஞாயிறு மாலை 6 மணிக்கு முடியும் ஏலம் கோடையில் இந்தியாவிலும் இலங்கையிலும் திங்கள் காலை 6.30, குளிர்காலத்தில் 7.30. இது தேவலை, காபியோடு கேட்கலாம். லண்டனில் ஞாயிறு இரவு 8 மணி என்றால் கோடையில் நமக்கு நள்ளிரவு 12.30. உட்கார முடியாதவர்களுக்கு, கடைசி நொடியில் தானாகக் கேட்கும் வெளிச்சேவைகள் உண்டு. ஆனால் உங்கள் ஈபே கணக்கின் சாவியை வேறொருவர் கையில் கொடுக்கிறீர்கள் என்பதை மறக்காமல் கடவுச்சொல்லை அடிக்கடி மாற்றுங்கள்.

ஜப்பானின் யாஹூ ஏலத்துக்குப் போனால் இந்த வித்தை பலிக்காது. அங்கே தானாக நீளும் வசதியை விற்பவர் வைத்திருந்தால், கடைசி 5 நிமிடத்துக்குள் விலை ஏறும்போது ஏலம் இன்னும் 5 நிமிடம் நீளும். நம்மூர் "ஒரு தரம், ரெண்டு தரம்" போலத்தான். பெரும்பாலான விற்பனையாளர்கள் வெளிநாட்டுக்கு அனுப்பமாட்டார்கள். பையீ, ஜென்மார்க்கெட் போன்ற இடைத்தரகர்கள் வழியாகத்தான் கேட்க முடியும். அவர்களுடைய கட்டணம், ஜப்பானுக்குள் தபால், அங்கிருந்து வெளிநாட்டுத் தபால் என மூன்று செலவு சேரும். 'ஜங்க்' என்று போட்டிருந்தால் பிறகு எந்தப் புகாரும் சொல்லக்கூடாது, திருப்பவும் முடியாது என்று பொருள். உள்ளே நன்றாக இயங்கும் கேமராவும் இருக்கலாம், செத்ததும் இருக்கலாம்.

கேட்பு வரலாற்றையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பெயர்கள் நட்சத்திரக் குறிகளால் மறைந்திருக்கும், ஆனால் ஒருவரின் கேட்புகளில் எத்தனை சதவீதம் இதே விற்பவரிடம் என்பது தெரியும். பின்னூட்டம் பூஜ்யம், இதே கடையில் நூறு சதவீதம், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிவிட்டுக் கடைசி நாளில் காணாமல் போகிறார் என்றால் அவர் விற்பவரின் ஆளாக இருக்கலாம். விதிப்படி குற்றம். உங்களுக்கு அது பொய்யான இரண்டாம் ஆள்.

பெட்டி வந்த பிறகு

பிரிக்கும்போதே செல்போனில் வீடியோ எடுங்கள். அன்றைக்கே இவற்றைப் பாருங்கள்: பின்கதவைத் திறந்து, ஷட்டரை 1 நொடியிலும் 1/1000லும் வெளிச்சத்தை நோக்கி அடித்துப் பார்ப்பது; துணித்திரையில் ஊசித்துளை வெளிச்சம் தெரிகிறதா என்பது; லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்து முன்னால் பார்ப்பது; செல்போன் மீட்டரோடு கேமரா மீட்டரை ஒப்பிடுவது. ஏஇ-1 என்றால் ஷட்டர் அடிக்கும்போது இருமல் போன்ற கீச்சொலி வருகிறதா என்று கேளுங்கள். கேமராவுக்குள் ஏறியிறங்கும் கண்ணாடியை இயக்கும் பகுதியில் எண்ணெய் வற்றியதன் அடையாளம் அது.

பிறகு ஒரு ரோல் ஃபிலிம் போட்டு முதல் வாரத்திலேயே முடித்துக் கழுவக் கொடுங்கள். ஈபேயின் பணத்திரும்பல் உறுதி பொதுவாகப் பொருள் கைக்கு வந்ததிலிருந்து 30 நாள். ஃபிலிம் கழுவும் கூடத்தில் இரண்டு வாரம் போகும். "பொங்கல் லீவில் நிதானமாகச் சோதிக்கிறேன்" என்றால் வாய்ப்பு போய்விடும். குறை இருந்தால் ஈபேயின் உள்ளேயே 'விளம்பரத்துக்கு மாறாக உள்ளது' என்று படங்களோடு பதியுங்கள். விற்பவருக்கு மூன்று வேலை நாள். பதில் வராவிட்டால் ஈபேயைத் தலையிடச் சொல்லலாம். "கேஸை மூடிவிடுங்கள், பாதிப் பணம் தனியாக அனுப்புகிறேன்" என்பவரின் பேச்சைக் கேட்டு மூடினால் மறுபடி திறக்க முடியாது.

விற்கும் பக்கம்

ஈபே 1995இல் தொடங்கியபோது முதலில் விற்ற பொருள் ஓர் உடைந்த லேசர் சுட்டி, விலை 14.83 டாலர். உடைந்தது என்று தெரிந்தேதான் வாங்கியவர் வாங்கினார். பழைய கேமரா விற்பவர்களுக்கு இதைவிட நல்ல முன்னுதாரணம் இல்லை. குறையைப் பெரிதாகப் படம்பிடித்துப் போட்டால் விலை விழும் என்று பயப்படுவார்கள். நடப்பது வேறு: குறை இதுதான் என்று தெளிவாகத் தெரிந்தால் தைரியமாகக் கேட்க இரண்டு பேர் வருவார்கள், மூடி மறைத்தால் சூதாடுபவர் ஒருவர்தான் வருவார், ஆரம்ப விலைக்கே எடுத்துப்போவார்.

ஆரம்ப விலையை எப்படி வைப்பது? 90 நாளில் அந்த மாடல் இருபது, முப்பது விற்றிருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு பேர் மோதியிருக்கிறார்கள் என்றால் 99 சென்டிலேயே தொடங்கலாம். மலிவான ஆரம்பம் வேடிக்கை பார்ப்பவர்களையும் உள்ளே இழுக்கும். விற்றது இரண்டே இரண்டு என்றால் அந்தத் துணிச்சல் வேண்டாம். அபூர்வப் பொருளுக்குத் தேவையான இரண்டாம் ஆள் அந்த வாரம் விடுமுறையில் இருப்பார். உங்கள் லென்ஸ் 99 சென்டுக்குப் போகும், கொடுத்தே ஆகவேண்டும். அதற்கு உங்கள் குறைந்தபட்ச விலையிலேயே தொடங்குங்கள், அல்லது ஏலத்தை விட்டுவிட்டு நிலையான விலையில் பேரத்துக்கு இடம் வைத்துப் போடுங்கள். மறைவாக ஒரு குறைந்தபட்ச விலை வைக்கும் வசதியும் உண்டு. அதற்குக் கட்டணம், தவிர, "ரிசர்வ் எட்டவில்லை" என்ற வரியைப் பார்த்தவுடன் பலர் போய்விடுவார்கள்.

வியாழன் மாலை 10 நாள் ஏலமாகப் போட்டால் இரண்டு சனி, ஞாயிறு கிடைக்கும். ஞாயிறு மாலை, எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரத்தில் முடியும். வாங்குபவர்கள் எந்த நாட்டில் அதிகமோ அந்த நாட்டின் மாலை.

தலைப்புக்கு 80 எழுத்துதான் இடம். "அருமை", "அபூர்வம்", "பாருங்கள்" என்று யாரும் தேடமாட்டார்கள். நிறுவனம், மாடல், ஃபிலிம் அளவு, லென்ஸின் மிமீ, எஃப் எண், மவுண்ட் (லென்ஸ் கேமராவில் பொருந்தும் வகை), சோதித்ததா என்ற ஒரு சொல். பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் தேடலில் வராது, இரண்டாம் ஆள் வரவே மாட்டார். (வாங்கும்போது இதையே திருப்பிப் போடுங்கள்: பிழையான எழுத்துகளில் தேடிப் பாருங்கள். யாரும் பார்க்காத பென்டாக்ஸ்கள் அங்கே கிடக்கும்.)

படம் 24 வரை இலவசம். எடுக்க வேண்டியவை:

1. முன், பின், மேல், அடி; சன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல்.
2. பின்கதவு திறந்த நிலையில் ஷட்டர் திரையும் ஸ்பாஞ்சும்.
3. பேட்டரி அறை, பச்சை பூத்திருந்தால் அதுவும்.
4. லென்ஸ் வழியே டார்ச் வெளிச்சம், முன்னிருந்தும் பின்னிருந்தும்.
5. துவார இதழ்கள் திறந்தும் மூடியும்.
6. பாடி, லென்ஸ் இரண்டின் வரிசை எண்.
7. ஒவ்வொரு கீறலும் பள்ளமும், பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து.

ஆறாவதைத் தவிர்க்காதீர்கள். நல்ல கேமராவை வாங்கிக்கொண்டு, தன்னிடமிருந்த பழுதான அதே மாடலைத் திருப்பி அனுப்பும் ஆட்கள் இருக்கிறார்கள். வரிசை எண் படம் விளம்பரத்திலேயே இருந்தால் முயற்சி செய்யவே தயங்குவார்கள்.

இரண்டாம் நாளே ஒருவர் செய்தி அனுப்புவார்: "150 தருகிறேன், ஏலத்தை முடித்துவிடுங்கள், பணத்தை வெளியே அனுப்புகிறேன்." வெளியே பணம் வாங்குவது விதிமீறல், பாதுகாப்பும் போய்விடும். அதைவிட, அவர் ஏன் அவசரப்படுகிறார் என்று யோசியுங்கள். இரண்டாம் ஆள் வந்து சேர்வதற்குள் எடுத்துப்போகப் பார்க்கிறார்.

விற்றால் ஈபே எடுக்கும் கட்டணத்தை முன்பே கணக்குப் போடுங்கள். அமெரிக்காவில் பெரும்பாலான வகைகளுக்கு 13 சதவீதத்துக்குச் சற்று மேலே போகும். அது பொருளின் விலைக்கு மட்டுமல்ல, தபாலும் விற்பனை வரியும் சேர்ந்த மொத்தத்துக்கு. கேமரா 100, தபால் 15, வரி 9 என்றால் 124க்குக் கட்டணம், ஏறக்குறைய 17 டாலர். பெட்டிக்கும் பப்பிள் ராப்புக்கும் 3 போட்டால் கையில் நிற்பது 80. பிரிட்டனில் தனிநபர் விற்பனையாளர்களுக்கு 2024 அக்டோபரிலிருந்து இந்தக் கட்டணம் இல்லை. பதிலாக வாங்குபவரிடம் ஒரு பாதுகாப்புக் கட்டணம் வாங்குகிறார்கள், அதனால் அங்கே கேட்பவர் அதையும் தன் வரம்பில் கழிக்க வேண்டும்.

பொட்டலம் கட்டுவதில் சோம்பல் கூடாது. லென்ஸைப் பாடியிலிருந்து கழற்றுங்கள். சேர்ந்தே இருந்தால் பெட்டி விழும் அடியெல்லாம் மவுண்டில் இறங்கும். இரண்டுக்கும் மூடி போட்டு, பேட்டரியை எடுத்துவிட்டு, ஷட்டரை அடித்து விடுதலையான நிலையில் வையுங்கள். தனித்தனியாகச் சுற்றிச் சிறு பெட்டியில் வைத்து, அதைப் பெரிய பெட்டிக்குள் எல்லாப் பக்கமும் 5 செ.மீ. இடைவெளி விட்டு நிரப்புங்கள். குலுக்கினால் சத்தம் வரக்கூடாது. ஆனால் பெட்டி தேவைக்கு மேல் பெரிதானால் கூரியர்காரர்கள் எடையை விட்டுவிட்டுக் கன அளவுக்குக் காசு கேட்பார்கள்: நீளம், அகலம், உயரம் செ.மீ. பெருக்கி, பலர் 5000ஆல் வகுக்கிறார்கள். 30 × 25 × 20 பெட்டி, உள்ளே ஒன்றரைக் கிலோதான் இருந்தாலும், 3 கிலோவாகக் கணக்காகும். தபால் செலவை விளம்பரம் போடும் முன்பே பெட்டியைக் கட்டி அளந்து எழுதுவதுதான் சரி. 750 டாலரோ அதற்கு மேலோ போனால் கையெழுத்து வாங்கும் தபாலில்தான் அனுப்ப வேண்டும்; இல்லாவிட்டால் "வரவில்லை" என்று சொன்னால் உங்களிடம் பதில் இருக்காது.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு

இந்தியாவுக்கென்று இருந்த ஈபே தளம் 2018 ஆகஸ்டில் மூடப்பட்டது. வெளிநாட்டுத் தளங்களில் கேட்கலாம், விற்பவர் இந்தியாவுக்கு அனுப்புவதாகக் குறிப்பிட்டிருந்தால். சுங்கவரியும் கூரியரின் கையாளும் கட்டணமும் உண்டு. அடையாள ஆவணம் கேட்பார்கள், தாமதித்தால் கிடங்கு வாடகை ஏறும். "பரிசு என்று எழுதி அனுப்புங்கள்" என்று விற்பவரைக் கெஞ்ச வேண்டாம். பரிசுப் பொருளுக்கு இருந்த வரிச் சலுகையே 2019 டிசம்பரில் எடுக்கப்பட்டுவிட்டது. பொய்யாகக் குறைத்து எழுதிய பார்சல் தொலைந்தால் அந்தக் குறைந்த தொகைக்குத்தான் ஈடு.

இங்கிருந்து விற்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் 29 முதல் அமெரிக்காவுக்குப் போகும் 800 டாலருக்குக் குறைவான பார்சலுக்கும் சுங்கவரி உண்டு; அதை யார் கட்டுவது என்று விளம்பரத்திலேயே எழுதுங்கள், இல்லையென்றால் வாங்கியவர் பார்சலை வாங்காமல் திருப்புவார். அடுத்தது, தாத்தா காலத்து மரக் கேமரா, பித்தளை லென்ஸ். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த, வரலாற்று மதிப்புள்ள பொருட்களைத் தனியார் ஏற்றுமதி செய்யக்கூடாது. வயது சந்தேகமாக இருந்தால் தொல்லியல் துறையிடம் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ் வாங்கிய பிறகே விளம்பரம் போடுங்கள்.

ஏலம் எடுத்தவர் பணம் கட்டாவிட்டால்

இது நடக்கும். விற்பவர்கள் அதிகம் நொந்துகொள்வது இதற்காகத்தான். வாங்கியவருக்கு நான்கு நாள் உண்டு; அதன் பிறகு 'பணம் கட்டவில்லை' என்ற காரணத்தைச் சொல்லி ரத்து செய்யுங்கள், கட்டணம் திரும்ப வரும். வேறு காரணம் போட்டு ரத்து செய்தால் பழி உங்கள் மேல் விழும். அவருக்கு எதிர்மறைப் பின்னூட்டம் எழுத முடியாது. விற்பவர்களிடமிருந்து அந்த உரிமை 2008இலேயே போய்விட்டது. தடைப் பட்டியலில் சேர்க்கலாம், அவ்வளவுதான்.

பொருளை மறுபடி ஏலம் போடும் முன் 'இரண்டாம் வாய்ப்பு' என்ற வழியில் தோற்றவருக்கு எழுதலாம். அவர் போட்டிருந்த உச்சத்தொகையே விலையாகப் போகும். பொறுப்பாகக் கேட்டவர் என்றால் ஒரே நாளில் முடிந்துவிடும்.

அந்தக் கடிதம் வாங்கும் பக்கத்தில் உங்களுக்கே வந்தால், முதலில் அது ஈபேயின் செய்திப் பெட்டிக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். மின்னஞ்சலில் மட்டும் வந்திருந்தால் மோசடி. உண்மையாகவே வந்திருந்தாலும் உடனே சம்மதிக்காதீர்கள். கேட்பு வரலாற்றைத் திறந்து மூன்றாமவர் எங்கே நின்றார் என்று பாருங்கள். பணம் கட்டாமல் ஓடியவர் வராமலே இருந்திருந்தால் நீங்கள் அந்த மூன்றாமவரின் தொகைக்கு ஒரு படி மேலேதான் கொடுத்திருப்பீர்கள். மூன்றாமவர் 62இல் நின்றிருக்க, உங்களிடம் 91.37 கேட்கிறார்கள் என்றால் விட்டுவிட்டு, மறு ஏலம் வரும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.